செவலைக்குப் போட்ட கயிறு

குண்டடம் போறேனுங்க அம்மிணி. நீங்க தாராபுரமா? அப்பச் சரி, நாந்தான் முன்னால எறங்குவேன். சன்னல் ஓரத்துல நீங்களே உக்காருங்க, எனக்கு வேண்டாமுங்க. இல்லீங்க, தலைசுத்தலெல்லாம் இல்ல. அழுகத்தான் செய்யறேன். பஸ்ஸு பொறப்பட்டதிலிருந்து நீங்களும் பாத்துப் பாத்துத் திரும்பிக்கறீங்க, கேக்கலாமா வேண்டாமான்னு. கேளுங்க, தப்பில்ல.

பூனை செத்துப்போச்சுங்க. சிரிக்காதீங்க. பூனை செத்ததுக்கு ஒருத்தி லீவு நாள்ல நல்ல பொடவை கட்டிக்கிட்டு பஸ் ஏறிப் போறாளான்னு தோணும். செத்து நாலு நாளாச்சு. அதை ஒருத்திகிட்டச் சொல்லோணும், அதுக்குத்தான் போறேன். துளசிமணின்னு பேரு. எங்க எதிர் வீட்டுல இருந்தவ. அவகூட ஒம்போது மாசமா எனக்குப் பேச்சுவார்த்தை இல்லீங்க. போய் முன்னால நின்னு, செவலை செத்துப்போச்சுன்னு சொல்லோணும். ரெண்டே வார்த்தை. அந்த ரெண்டு வார்த்தையத்தான் திருப்பூர்லருந்து வாய்க்குள்ள உருட்டிக்கிட்டு வர்றேன்.

மன்னிப்பு கின்னிப்புன்னு ஒண்ணும் கேக்கப் போகலீங்க. அதை மொதல்லயே சொல்லிப்போடறேன். தப்பு அவ பேருல. நீங்க பொதுவான ஆளு, கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

எங்களுது லைன் வீடுங்க. எதிரும் புதிருமா மூணு மூணு ஆறு வீடு, நடுவுல ஒரே வாசல், அதுக்கு ஒரே பைப்பு, கடைசியில ரெண்டு கக்கூசு. எம் பேரு சம்பூர்ணம். பனியன் கம்பெனியில செக்கிங். இருவத்தி மூணு வருசமாச் செக்கிங். பனியனை வெளக்குக் கீழ விரிச்சா ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது எல்லாம் ஒரே பார்வையில தெரிஞ்சுரும். ஓட்டை இருக்கற எடத்துல சாக்பீசுல ஒரு வட்டம் போட்டு ஒதுக்கிருவேன். சம்பூர்ணம் கண்ணுக்குத் தப்பி ஒரு பீஸ் வெளிய போகாதுன்னு எங்க மேனேஜரே சொல்லுவாரு. பெருமைக்குச் சொல்லலீங்க, உள்ளதைச் சொல்றேன். எங்கூட்டுக்காரரு போய்ப் பன்னெண்டு வருசமாச்சு. புள்ளைகுட்டி இல்ல. செவலைதான் இருந்துச்சு.

இருந்துச்சுன்னா, வளத்த பூனையில்லீங்க. ஆரு வீட்டுப் பூனையும் இல்ல. எட்டு வருசத்துக்கு முன்னால ஒரு அடை மழையில நனஞ்சுக்கிட்டு வந்து நின்னுச்சு. ஒடம்பு முச்சூடும் செவலை நெறம், வால் நுனி மட்டும் வெள்ளை. கடுவன். காத்தால எங்கூட்டுல ஒரு வாய் பால் சோறு, ராத்திரி நான் வந்ததுக்கப்புறம் ஒரு வாய். மத்த நேரமெல்லாம் அது பாட்டுக்குக் காம்பவுண்டு செவுரு, செவுத்துலருந்து ஓடு, ஓட்டுமேல ஏறி அடுத்த தெரு. ஞாயித்துக்கெழமைன்னா மீன் கடை. வீட்டுக்குள்ள ஒரு நா படுத்ததில்ல. கதவைச் சாத்துனா ஊரைக் கூட்டிப்போடும். என்னையாட்டத்தான், ஆருக்கும் கட்டுப்படாது.

போன ஆவணியில ஒரு நா காத்தாலைங்க. நான் வாசப்படியில உக்காந்து தலை சீவிக்கிட்டிருக்கேன். துளசிமணி சோறு வடிச்சுட்டு, கொதிக்கக் கொதிக்கக் கஞ்சித் தண்ணிப் போசியத் தூக்கிட்டுச் சலதாரைக்கு வர்றா. திடீர்னு 'ஐயோ'ன்னு ஒரு கத்து. போசி உருளுது. செவலை கத்திக்கிட்டு ஓடுது. அவ்வளவுதான் நான் பாத்தது. அவ்வளவு பாத்தாப் போதாதுங்களா? ரெண்டு நா கழிச்சுப் பாத்தா, செவலை நடந்து வந்து செவுத்துல முட்டுது. முட்டிட்டு, இங்க எப்பிடிச் செவுரு வந்துச்சுன்னு யோசிக்கறாப்பல நிக்குது.

கிட்டப் போய்ப் பாத்தேன். உச்சி வெயில்ல பூனைக் கண்ணு கோடாட்டச் சுருங்கோணுமில்லீங்க? இதுக்குக் கருப்புப் பொத்தானாட்ட விரிஞ்சே கெடக்கு. கையை முன்னால ஆட்டுனேன், இமைக்கலை. பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகமே இருண்டு போச்சுன்னு நெனைக்குமாம், சொல்லுவாங்களே. இதுக்குக் கண்ணைத் தொறந்து வெச்சும் இருண்டு போச்சு.

அன்னைக்குப் போட்டேன் பாருங்க ஓரியாட்டம். ஆறு வீடும் வாசலுக்கு வந்துருச்சு. 'கொதிக்கற தண்ணிய மூஞ்சியில ஊத்திட்டியேடி, பாவி'ன்னேன். 'நான் ஊத்தலக்கா, அது வந்து என் கால்ல முட்டுச்சு, போசிய என் பக்கமே திருப்பிட்டேன்'ங்கறா. பூனை எங்காவது கண்ணைத் தொறந்துக்கிட்டு வந்து ஆள் மேல முட்டுமுங்களா? பொய் சொல்றதுக்கும் ஒரு பொருத்தம் வேண்டாமா? 'இனிமே அக்கான்னு கூப்பிட்டீன்னா நாக்கை இழுத்து வெச்சு அறுத்துப்போடுவேன்'னு சொல்லிட்டு உள்ள வந்துட்டேன். சொன்னது அதிகந்தான். அடுத்த நா பாத்தா கால்ல துணியச் சுத்திக்கிட்டு நொண்டறா. ஒரு மாசம் நொண்டுனா. ஊரை ஏமாத்தறதுக்கு என்னென்ன வேஷம் பாருங்க.

செவலையக் காய்கறிக் கூடையில போட்டு மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். டாக்டரம்மா டார்ச் அடிச்சுப் பாத்தாங்க. 'வெந்த காயமே இல்லியே. வயசாயிருச்சு, ரத்தக் கொதிப்பு ஏறி உள்ளார நரம்பு போயிருக்கும். கண்ணு போனது ரெண்டு நாளா இல்ல, நாலஞ்சு நாளாவே இருக்கோணும்'னாங்க. பூனைக்கு ரத்தக் கொதிப்பாமுங்க! எனக்கிருக்கு, சரி. பூனைக்கு என்ன கவலை, கொதிக்கறதுக்கு? படிச்சவங்க எதையாவது சொல்லோணும்னு சொல்றதுதான். ஆனா அந்தம்மா போறப்ப நல்லது நாலு சொன்னாங்க. தொடறதுக்கு முன்னால குரல் குடுங்க. சோத்தையும் தண்ணியையும் வெச்ச எடத்துலயே வையுங்க. சாமானை எடம் மாத்தாதீங்க. அதுக்கு மூக்கும் காதும் மீசையும் இருக்கு, பழகிக்கும்னாங்க.

மொதல்ல வீட்டுக்குள்ள அடைச்சு வெச்சேன். ரெண்டு நா தொண்டத் தண்ணி வத்தக் கத்துச்சு. கதவைப் பிறாண்டிப் பிறாண்டி நகத்துல ரத்தம். வெளியிலயே வளந்த சீவன், அதுக்குக் கண்ணு போனதைவிட வாசல் போனது பெரிய தும்பமாப் போச்சு. சரி, உனக்கு வாசல்தானே வேணும், வாசலையே உனக்குத் தோதாப் பண்றேன்னு எறங்குனேன்.

கம்பெனியில பனியன் வேஸ்ட் கெடக்குமில்லீங்க, அதுல நீளமாக் கிழிச்சு சடையாட்டப் பின்னி ஒரு கயிறு பண்ணுனேன். மொத்தக் கயிறு. அதை மீன் கழுவுன தண்ணியில ஊற வெச்சு, எங்கூட்டுப் படியிலிருந்து செவுத்தோரமாவே பைப்படி வரைக்கும் போட்டேன். பைப்படியில ஒடஞ்ச பேசன்ல மணல். மோந்துக்கிட்டே கயித்தோட போனா மணல், திரும்பி வந்தா சோறு. மொதல் நா கூடவே தவந்தேன். சிரிக்காதீங்க அம்மிணி, அம்பத்திரெண்டு வயசுப் பொம்பள, வாசல்ல கையும் காலும் ஊனி, 'வா சாமி, இங்க வா, இதா கயிறு, இதா மணல்'னு தவந்தேன். நாலாவது நா அதுவா வந்துச்சு. கயித்துமேல மூக்கை வெச்சு, ஒவ்வொரு அடியா, முன்னங்காலைத் தூக்கித் தூக்கித் தொட்டுப் பாத்து. அன்னைக்கு ஒரு அழுகை அழுதேன்.

அப்புறம் சாக்பீஸ். வாசல்ல இருக்கற குடம், பக்கெட்டு, தொவைக்கற கல்லு, சைக்கிள், எல்லாத்தையும் சுத்தி வட்டம் போட்டேன். எடுத்தா அதே வட்டத்துலதான் திருப்பி வெக்கோணும். ஆறு வீட்டுக்கும் சட்டம் போட்டுட்டேன். எங்க வீட்டுக்காரம்மா, லைனுக்கே சொந்தக்காரங்க, அவங்க பக்கெட்டையே நகத்தி வட்டத்துக்குள்ள வெச்சிருக்கேன். எவளாவது மொணகுனா, வா, கண்ணைக் கட்டிக்கிட்டு ஒரு நா நடந்து பாருன்னு சொல்லுவேன்.

ரெண்டே மாசமுங்க. செவலை தேறிருச்சு. நான் காத்தால எட்டரைக்குப் போனா ராத்திரி எட்டரைக்குத்தான் வருவேன். பன்னெண்டு மணி நேரம் அது தனியா இருந்துக்குச்சு. இளைக்கவும் இல்ல. சொல்லப்போனா சித்த சதை போட்டுருச்சு. நான் வெச்சுட்டுப் போற ஒரு வாய்ச் சோத்துல எப்பிடித்தான் அந்த மினுமினுப்பு வந்துச்சோ. கம்பெனியில எல்லாருகிட்டயும் சொல்லுவேன், வளக்கற வெதத்துல வளத்தா குருட்டுப் பூனையும் ராசாவாட்ட இருக்கும்னு.

ஆனா எதிர்ல ஒருத்தி இருக்காளே. அவ பண்ணுனதைக் கேளுங்க.

அவளுக்கு வீட்டுலயே பிசிறு வெட்டற வேலை. மூட்டையில பீஸ் வரும், உக்காந்து நூல் பிசிறு வெட்டிக் குடுக்கோணும். நாள் முச்சூடும் வாசக் கதவைத் தொறந்து போட்டுக்கிட்டு உக்காந்திருப்பா. கஞ்சித் தண்ணிய அதுக்கப்புறம் வாசச் சலதாரையில ஊத்தறதே இல்ல, நொண்டிக்கிட்டே தெருச் சலதாரைக்குத் தூக்கிட்டுப் போவா. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்குமில்லீங்க. ஒரு ஞாயித்துக்கெழமை, எனக்கு வாரத்துல ஒரே நாள் தூக்கம், அன்னைக்குப் பாத்து அவ வீட்டுப் பொறகால காம்பவுண்டு செவுத்துமேல ஏறி நின்னு கல்லுல டொக்கு டொக்குனு இடிக்கறா. திருடன் ஏறாம இருக்கச் செவுத்துமேல கண்ணாடிச் சில்லுப் பதிச்சிருந்தாங்க, அதை முழுக்க ஒடைச்சு எடுத்துட்டா. என் தூக்கத்தைக் கெடுக்கறதுக்குன்னே பண்ணுனா.

இன்னொண்ணு. அம்பது வயசுல கொலுசு போட ஆரம்பிச்சாளுங்க! சாதாக் கொலுசு இல்ல, சலங்கை வெச்சது, கல்யாணப் பொண்ணு போடறதாட்ட. நடந்தா ஜல்லு ஜல்லுன்னு வாசல் பூரா கேக்கும். புருசன் போய் எத்தனையோ வருசமாச்சு, மகளைக் கட்டிக் குடுத்தாச்சு. இந்த வயசுல ஆரு பாக்கறதுக்கு இந்த ஜல்லு ஜல்லுன்னு நானே பைப்படியில சத்தமாச் சொல்லிக் காட்டுனேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் கொடத்தை எடுத்துட்டுப் போயிட்டா. வெக்கம் இருந்தாக் கழட்டியிருக்கோணும். கழட்டலை.

அப்புறம் இந்த முறை. எங்க லைன்ல வாசலும் கக்கூசும் கழுவறதுக்கு முறை உண்டுங்க, வாரம் ஒரு வீடு. அவ முறை வந்தா வெறுந்தண்ணிய ஊத்தித் தள்ளிட்டுப் போயிருவா. பினாயில் ஒரு சொட்டுப் போடறதில்ல. சோம்பேறித்தனம். நான் விடுவனா? என் முறை வந்தா ரெண்டு மூடி பினாயிலு, மேல பிளீச்சிங் பவுடரு, சீமாறுல தேய்ச்சு, ஆஸ்பத்திரியாட்ட வாசம் வர்றாப்பல கழுவி விடுவேன். பாத்துக்கடி, சுத்தம்னா என்னன்னு. அந்த ஞாயித்துக்கெழமைகள்ல செவலை வாசல் நடுவுல நின்னு மூக்கைத் தூக்கித் தூக்கிக் கத்தும். எனக்கு வெளங்கலை. சுத்தம் பண்ணுனாப் பூனைக்குப் புடிக்காதுன்னு விட்டுட்டேன். அப்பப் பாத்து ஜல்லு ஜல்லுன்னு அவ வெளிய வருவா. இதும் அவ வீட்டுப் பக்கம் போயிரும். கருவாடு கிருவாடு போட்டு மயக்கறாள்னு நெனச்சேன். கூப்பிட்டா என்கிட்ட வந்துரும்னு வீம்பு. ஆனா கூப்பிடலை, வராமப் போயிருச்சுன்னா?

கண்டக்டரு வர்றாரு. டிக்கெட் எடுத்தாச்சுங்க, இதா. சித்தத் தண்ணி குடுங்க அம்மிணி.

பங்குனி மாசம் துளசிமணி வீட்டைக் காலி பண்ணிட்டா. மக குண்டடத்துல இருக்கறா, வந்து எங்கூடவே இருன்னு கூப்பிட்டிருக்கா. போற அன்னைக்குச் சாமானெல்லாம் டெம்போவுல ஏத்திட்டு, எங்கூட்டு வாசல்ல வந்து நின்னா. கொலுசுச் சத்தத்துலயே தெரிஞ்சுருச்சு. 'அக்கா, ஒரே ஒரு வார்த்தை. செவலையப் பத்தி'ன்னா. நான் என்ன பண்ணுனேன் தெரியுமா? மிக்ஸியப் போட்டேன். உள்ள ஒண்ணுமே இல்லீங்க, வெறும் மிக்ஸி. அது பாட்டுக்குச் சுத்துது, அவ வெளிய என்னமோ சொல்றா, நான் மிக்ஸி மூடிய அமுத்திப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன். ஜாரு சூடாகிற வரைக்கும் ஓட்டுனேன். நிறுத்திப் பாத்தப்ப டெம்போ போயிருந்துச்சு.

வந்து சொல்லியிருக்கலாமில்லீங்க, முன்னாலயே? ஏழு மாசம் எதுத்தாப்புலயே இருந்தா, வாய் இல்லையா அவளுக்கு? நான்தான் பேசலை, சரி. அவளாவது அதட்டிச் சொல்லியிருக்கலாம். சொல்லாம விட்டது அவ தப்புத்தானுங்களே?

அவ போனதுக்கப்புறம் செவலை இளைக்க ஆரம்பிச்சுது. வெயில் காலம், அதான்னு நெனச்சேன். பூட்டின வீட்டுப் படியில போய் உக்காந்துக்கும். கதவுப் பக்கம் மூஞ்சிய வெச்சுக்கிட்டு, காதை மட்டும் இப்பிடி அப்பிடித் திருப்பிக்கிட்டு. நான் கூப்பிட்டாக் கயித்தோட வந்து ரெண்டு வாய் தின்னுட்டு மறுபடியும் அங்க போயிரும். கொணம் மாறிப்போச்சேன்னு எனக்குப் பயம். மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன். 'ஆத்தா, இதுக்குக் கண்ணைக் குடு, வெள்ளியில கண்மலர் வாங்கி உன் உண்டியல்ல போடறேன்'னு. மனுசங்களுக்கு வேண்டறதை ஒரு பூனைக்கு வேண்டுனேன். வாங்கியும் வெச்சுட்டேன். சின்னது, ரெண்டு கண்ணு, சிமிழ்ல போட்டு சாமி படத்துக்கு முன்னால.

புதன்கெழமை மாரியாத்தா கோயில் நோம்பிங்க எங்க ஏரியாவுல. கம்பெனி லீவு. அன்னைக்கு என் முறை. நோம்பி நாளாச்சேன்னு எப்பவும் போடறதைவிட எச்சாவே பினாயிலை ஊத்தி வாசலைக் கழுவி விட்டேன். செவலை அந்தப் பூட்டின வீட்டுப் படியில சுருண்டு கெடக்குது. காத்தால பத்து மணி இருக்கும். தெருவுல தீர்த்தக் கொடம் வருது. முன்னால பம்பை, அதுக்கு முன்னால சலங்கையாட்டக்காரங்க பத்துப் பதினஞ்சு பேரு. கால் நெறையச் சலங்கை கட்டி, ஒண்ணா மிதிச்சா வீதியே ஜல்லுங்குது.

செவலை தலையைத் தூக்குச்சு. எந்திரிச்சுச்சு. அம்மிணி, அது ஓடுச்சுங்க. தொட்டுத் தொட்டு நடக்கலை, கயித்தைத் தேடலை, மூக்கைக் கீழ வெக்கலை. பழைய செவலையாட்ட வாலைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு நடுவுலயே ஒரே ஓட்டம், கேட்டைத் தாண்டி வெளிய. ஒம்போது மாசங்கழிச்சு அது ஓடறதைப் பாக்கறேன். எனக்கு ஒடம்பு சிலுத்துப்போச்சு. நோம்பி நாளு, தீர்த்தம் வர்ற நேரம், நான் வேண்டுன வேண்டுதல். கண்ணைக் குடுத்துட்டா ஆத்தா! வேற என்ன தோணும் சொல்லுங்க? சீமாறைக் கீழ போட்டுட்டு, அந்த ஈர வாசல்லயே முட்டி போட்டு, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டேன். கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, 'ஆத்தா, தாயே'ன்னு கும்பிட்டேன். கண்ணுல தண்ணி கொட்டுது. சந்தோசத்துல.

அந்த நேரத்துக்கு நாலு எட்டு வெச்சிருந்தாப் புடிச்சிருக்கலாமுங்க. கேட்டு அங்கதான் இருக்குது. நாலே எட்டு.

கும்புட்டு எந்திரிச்சுக் கேட்டுக்குப் போய்ப் பாத்தா, செவலை ஆட்டக்காரங்க காலுக்கு நடுவுல நிக்குது. ஒரு காலை மோந்து பாக்குது. அந்தக் காலு இல்ல. பின்னால நகந்து இன்னொரு காலை மோந்து பாக்குது. அதும் இல்ல. தலையைத் தூக்கி ஒரு கத்து கத்துச்சு. சோத்துக்குக் கத்தற கத்து இல்ல, வேற. எனக்கு அப்பத்தான் சுரீர்னு உறைச்சுது அது ஆரைத் தேடுதுன்னு. 'செவலை'ன்னு கூப்பிட வாயைத் தொறக்கறேன், பம்பைக்காரரு ஓங்கி ஒரு அடி அடிச்சாரு. மெரண்டு ஒரே பாய்ச்சல். பொறகால தண்ணி டெம்போ மெதுவாத்தான் வந்துச்சு. பாவம் டிரைவரு மேல தப்பில்ல, எறங்கி வந்து அந்தாளும் அழுதாரு. நான் மடியில எடுத்து வெச்சப்ப இன்னும் சூடு இருந்துச்சு. கண்ணு அதே மாதிரி விரிஞ்சு கெடந்துச்சு. ஆத்தா ஒண்ணும் குடுக்கலை. குடுக்கலைன்னு ஆத்தாளைக் குத்தம் சொல்லவும் எனக்கு வாயில்ல.

பைப்படிப் பக்கம் பொதைக்கலாம்னு மம்முட்டி எடுத்துட்டுப் போனேன். அந்தப் பக்கம், தொவைக்கற கல்லைத் தாண்டி, துளசிமணி வீட்டுச் சந்து. ஒம்போது மாசமா அந்தப் பக்கம் தலையத் திருப்புனதில்லீங்க நான். அவ மூஞ்சியப் பாத்துரப்படாதுன்னு. அன்னைக்குத்தான் பாக்கறேன். என் கயிறு பைப்படியில முடியுது. அது முடியற எடத்துல இன்னொரு கயிறு ஆரம்பிக்குது. அதே மாதிரி பனியன் வேஸ்ட், அதே மாதிரி சடைப் பின்னல், என்னுதைவிட நெருக்கமா. சந்து முச்சூடும் போகுது. அவ பொறவாசப் படிக்குப் போகுது. அங்கிருந்து காம்பவுண்டு செவுத்துக்குப் போகுது, அது ஏறுறதுக்குக் கல்லுக மூணு அடுக்கி வெச்சிருக்கா, கண்ணாடிச் சில்லு எடுத்த செவுரு. படிக்கடியில ஒரு சோத்து வட்டலு, கவுத்து வெச்சிருந்துச்சு. பக்கத்துல சாக்கு மடிச்சுப் போட்டு, அதுல முச்சூடும் செவலை முடி.

பகலெல்லாம் அது அங்கதாங்க இருந்திருக்குது. நான் வந்து ராத்திரி ஒரு வாய் போட்டுட்டு என் வளர்ப்பு, என் வளர்ப்புன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

மம்முட்டியக் கீழ வெச்சுட்டு அங்கயே உக்காந்துட்டேன். ஊசி ஓட்டை தெரியுமுங்க எனக்கு. ஒரு ஆள் நீளத்துக்கு நாலு மடங்கு கயிறு, கண்ணுக்கு நேரா கெடந்திருக்குது. தெரியலை.

அதுக்கு அடுத்த நா, வியாழக்கெழமை, வீட்டுக்காரம்மா போனை எடுத்துட்டு ஓடி வந்தாங்க. 'சம்பூர்ணம், துளசிமணி பேசறா, உன்கிட்டக் குடுக்கச் சொல்றா'ன்னு காதுல வெச்சுட்டாங்க. மிக்ஸியெல்லாம் போடற தூரத்துல இல்ல. 'அக்கா, வெச்சுறாதீங்கக்கா'ன்னா. நான் வெக்கலை. 'செவலை எப்பிடி இருக்குது? சோறு திங்குதா? பகல்ல அதுக்கு ஆளில்லியேன்னு எனக்கு இங்க தூக்கமே வர்றதில்லீங்கக்கா. மககிட்டச் சொல்லிட்டேன், இங்க கொண்டாந்து வெச்சுக்கலாம்னு. நானே வந்து கூட்டிக்கட்டுமா? நீங்க சரின்னா மட்டுந்தான். உங்க பூனை'ன்னா. உங்க பூனைன்னா அம்மிணி.

அப்பச் சொல்லியிருக்கோணும். ரெண்டு வார்த்தை. வீட்டுக்காரம்மா எதுத்தாப்புல நின்னு சொல்லு சொல்லுன்னு கண்ணைக் காட்டறாங்க. 'நீ வர வேண்டாம், ஞாயித்துக்கெழமை நானே வர்றேன்'னு சொல்லிட்டேன். அவ்வளவுதான் சொன்னேன். கொண்டாறேன்னு சொல்லலீங்க. சத்தியமாச் சொல்லலை. வர்றேன்னுதான் சொன்னேன். ஆனா அவ 'ஐயோ அக்கா'ன்னு அழுதுட்டா. 'நல்லா இருப்பீங்கக்கா, பஸ் ஸ்டாப்புலயே வந்து நிக்கறேன், நீங்க ஒத்தையில தூக்கிட்டு நடக்க வேண்டாம்'னா. மகளைக் கூப்பிட்டு, 'ஏ புள்ள, செவலை வருதாம், கட்டிலை நகத்தாதே, எல்லாம் அப்பிடியே இருக்கட்டும்'னு கத்தறது போன்ல கேக்குது. அப்புறம் எப்பிடிச் சொல்றதுங்க?

நேத்து முச்சூடும் யோசிச்சேன், போன்லயே சொல்லிறலாமான்னு. வீட்டுக்காரம்மாளை விட்டுச் சொல்லச் சொல்லலாமான்னு. அவ என் வாசல்ல வந்து நின்னு சொல்ல வந்ததை நான் கேக்கலை. இதையாவது நான் அவ முன்னால நின்னு சொல்லோணும். மன்னிப்பெல்லாம் இல்லீங்க, மொதல்லயே சொன்னனில்ல. கேட்டா அவ குடுத்துருவா, அதான் கேக்க மாட்டேன். குடுக்கற ஆளு அவ. ஒரு வார்த்தை திட்ட மாட்டா. திட்டுனா நல்லா இருக்கும்.

எந்த ஊருங்க இது? வந்துருச்சா? குண்டடமே வந்துருச்சா? இல்லீங்க, நீங்க எந்திரிக்க வேண்டாம், நான் இந்தப் பக்கந்தானே. கால்தான் சித்த மரத்துப்போச்சு. கண்டக்டரைச் சித்த நிக்கச் சொல்லுங்க.

அதோ, அந்த மரத்தடியில. மஞ்சப் பொடவை. அவதானுங்க. மெலிஞ்சுட்டா. கையில கூடை கொண்டாந்திருக்கா பாருங்க, மூடி போட்ட கூடை. துண்டு விரிச்சிருக்கா உள்ள, ஓரத்துல தொங்குது. பஸ்ஸுல ஒவ்வொரு சன்னலாப் பாக்கறா. பாத்துட்டா. என்னைப் பாத்துட்டாளுங்க. சிரிக்கறா.

எறங்கறேன் அம்மிணி. வர்றேனுங்க. படியில நிக்கறேன், கை வெறுங்கையா இருக்குது, இதை எங்க கொண்டு போய் மறைக்கறதுன்னு தெரியலை. அவ என் மூஞ்சியப் பாக்கலீங்க. என் கையத்தான் பாக்கறா.